ஹனிபல் கப்பலில் வந்த பையன்

போன லீவுக்கு அரநாயக்கயிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் வேன் பிடித்து திருகோணமலை போனோம். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் கோட்டை வாசல். "இத யாரெல்லாம் பிடிச்சிருந்தாங்க?" என்று கூட வந்த தம்பி கேட்டான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பாடப்புத்தக வரிசையை ஒப்பித்துவிட்டேன். அந்தப் பிரெஞ்சுக்காரர் கதைக்குள் ஒரு பையன் மாட்டியிருப்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது.

பெயர் ஜேம்ஸ் ஸ்கரி. வயது பதினைந்து, பதினாறு இருக்கும். நம்ம ஊரில் ஓ.எல். எழுதுகிற வயது. ஹனிபல் என்ற 50 பீரங்கி ஆங்கிலேயக் கப்பலில் வேலை. 1782 ஜனவரியில் சுமத்ரா பக்கத்துக் கடலில் அது பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. கப்பலைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள்; ஆட்களைத் தங்கள் கப்பல்களில் அடைத்தார்கள்.

யுத்தமே அதற்குப் பிறகுதான். பெப்ரவரி 17 சதுரங்கப்பட்டினச் சண்டையில், கைதிகளைச் சுமந்து வந்த அணியை நோக்கிக் குண்டு போட்டது அவர்களுடைய சொந்தக் கடற்படை. ஏப்ரலில் திருகோணமலைக்குப் பக்கத்தில் ஒரு சண்டை, ஜூலையில் நாகப்பட்டினத்தில் இன்னொன்று.

பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனுக்குக் கைதிகள் பெரிய தலைவலி. சோறும் தண்ணியும் கொடுக்கணும், இறக்கிவிட நல்ல துறைமுகம் கையில் இல்லை, மொரீசியஸ் வெகுதூரம். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று மதராஸ் கவர்னர் மெக்கார்ட்னியிடம் கேட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. ஆகஸ்டில் கடலூரில் வைத்து, சுமார் 500 பேரைக் கூட்டாளியான ஹைதர் அலியிடம் கொடுத்துவிட்டார். அந்த மாதக் கடைசியிலேயே திருகோணமலையைப் பிடித்தார். சில வாரம் முந்தி அந்தத் துறைமுகம் கிடைத்திருந்தால், ஸ்கரியின் கதை நாங்கள் ஏறிப்போன அந்தக் கோட்டைக்குள்ளேயே முடிந்திருக்கலாம்.

அது நடக்கவில்லை. சிதம்பரம், பெங்களூர், கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம். ஹைதர் டிசம்பரில் இறக்க, திப்புவின் காலம். பையன்களுக்குச் சுன்னத் செய்து படையில் சேர்த்தார்கள். பத்து வருஷம் கழித்துத் தப்பி வெள்ளைக்காரரிடம் சேர்ந்தபோது, ஸ்கரிக்குக் கத்தி, முள்ளுக்கரண்டி பிடிக்க வரவில்லை, இங்கிலீஷும் தடுமாறியது.

அவனுடைய புத்தகம் 1824இல் லண்டனில் வந்தது. திப்புவைப் பேயாகக் காட்டுகிற கதைகளுக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்த காலம், அதனால் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பட்ட பாடு பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவனை அங்கே தள்ளிவிட்டது ஐரோப்பியத் தளபதி ஒருவர்தானே.

இன்னொன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். தப்பும்போது அவர்களை விட்டுவிட்டுத்தான் போனான். புத்தகத் தலைப்பில் சிறையிருப்பு, துன்பம், தப்பித்தல் மூன்றும் இருக்கின்றன. அந்தப் பொண்ணு அதற்குப் பிறகு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைத்தாள் என்று யாரும் அச்சடிக்கவில்லை.