திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளில் மாணவர் மன்றங்கள்

திருச்சிராப்பள்ளி மாநகரிலும் அதைச் சூழ்ந்த திருவரங்கம், மண்ணச்சநல்லூர், திருவெறும்பூர் வட்டங்களிலும் உள்ள கல்லூரிகளில், வகுப்புக்கு வெளியே மாணவர்கள் கூடி நடத்தும் பேச்சு மன்றம், இலக்கிய மன்றம், நாடகக் குழு, விடுதி உணவுக் குழு, நாட்டு நலப்பணி அணி, தொழில்நுட்பக் குழு, கலைவிழாக் குழு ஆகியவை மாணவர் மன்றங்கள் எனப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பாளராகவும், இறுதியாண்டு மாணவர் செயலராகவும், அவருக்கு ஓராண்டு இளைய மாணவர் துணைச் செயலராகவும் இருப்பது வழக்கம். இவ்வூரிலிருந்து எழுத்துக்கும் அறிவியலுக்கும் பொதுவாழ்வுக்கும் போனவர்களில் பலரை வகுப்பறை உருவாக்கிய அளவுக்கு மன்றமும் உருவாக்கியது.

தோற்றம்

இவ்வூர்க் கல்லூரிகளில் மூத்தது தூய வளனார் கல்லூரி. இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய இக்கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. தெப்பக்குளத்துக்கும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட அதன் வளாகத்தில், 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் லாலியின் பெயர் தாங்கிய மண்டபம் இருக்கிறது. பேச்சுப் போட்டி, நாடகம், ஆண்டு விழா என வளாகத்துப் பொது நிகழ்ச்சிகளுக்கு 'லாலி ஹால்' என்ற பெயர் பழைய மாணவர் பேச்சில் இன்றும் அடிபடுகிறது. 1886-இல் பள்ளியாகத் தோன்றிய தேசியக் கல்லூரி 1919-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. அதன் முதல்வராக விளங்கிய ஆங்கிலப் பேராசிரியர் வி. சாரநாதனின் பெயரைப் பஞ்சப்பூர் அருகேயுள்ள பொறியியல் கல்லூரி தாங்கி நிற்கிறது. பெண்களுக்கென 1923-இல் ஹோலி கிராஸ் கல்லூரியும் 1951-இல் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியும் வந்தன. ஜமால் முகமது கல்லூரி தொடங்கியதும் அதே 1951-இல்தான். 1965-இல் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி காஜாமலையில் அமைந்தது. 1826-இல் இவ்வூரில் நீரில் மூழ்கி இறந்த பேராயர் ஹீபரின் பெயரில் 1966-இல் ஒரு கல்லூரி தோன்றியது.

1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே மன்றங்களின் அமைப்பும் சென்னையையே பின்பற்றியது: ஆங்கிலத்தில் தலைப்பு, ஒட்டியும் வெட்டியும் பேச்சு, கடைசியில் கையுயர்த்தி வாக்கெடுப்பு. தமிழ் மன்றம் இந்த ஆங்கில மன்றத்துக்குப் பின்பே வலுப்பெற்றது. மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1911-இல் தஞ்சையில் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் அதற்கு முன்மாதிரிகள். வயதில் இளையதானாலும் கூட்டம் சேர்ப்பதில் தமிழ் மன்றம் ஆங்கில மன்றத்தை விரைவில் முந்திவிட்டது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்புச் சொற்பொழிவு, பொன்னாடை, நன்றியுரை என்று இன்று எல்லா மன்றங்களின் தொடக்க விழாவிலும் காணப்படும் வரிசை தமிழ் மன்றத்திலிருந்து மற்றவற்றுக்குப் பரவியதே.

விடுதியும் உணவுக் குழுவும்

மன்றங்களை ஆராய்வோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது விடுதி உணவுக் குழுவை. தேர்தல், வரவுசெலவு, பொறுப்பு மாற்றம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த முதல் மாணவர் அமைப்பு அதுவே எனலாம். தமிழகக் கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று வழங்கும் முறையில், மாதம் முழுதும் அரிசி, காய்கறி, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள் கணக்கால் வகுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எழுதுவார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனவருக்கு அந்த நாள்கள் கழிக்கப்படும். காய்கறி விலை ஏறிய மாதத்தில் செயலர் பதில் சொல்லியாக வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் நூறு பேருக்குக் கணக்குக் காட்டும் இப்பயிற்சி வேறு எந்த மன்றத்திலும் கிடைத்ததில்லை.

இதற்குப் பெயர் பெற்ற சான்று ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளிப் படிப்பை முடித்து 1950-இல் தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தவர், 1954 வரை அங்கே படித்தார். அவருடைய விடுதி அறையில் திருவரங்கத்து ஐயங்கார் மாணவர் ஒருவரும், கேரளத்துச் சிரியன் கிறித்தவ மாணவர் ஒருவரும் உடனிருந்தனர். மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ உணவுக் குழுவின் செயலரானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அதிபர் அருட்தந்தை களத்தில் என்பவரை விடுதிக்கு மதிய உணவுக்கு அழைத்து, அவரவர் வீட்டுப் பக்குவங்களைச் சேர்த்து விருந்து வைத்ததைத் தம் தன்வரலாற்றில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். இராமேசுவரத்து இசுலாமிய மாணவர் ஒருவர், இயேசு சபைக் கல்லூரியில், சைவச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாளராக இருந்தார் என்பது அக்கால விடுதி வாழ்வின் தன்மையைக் காட்டப் போதுமானது. அறிவியலாளரின் வாழ்க்கை வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்து போகின்றன. பின்னாளில் பெரிய திட்டங்களில் பல துறையினரை ஒரே மேசையில் அமர்த்திய அவரது இயல்பு இங்கேதான் தொடங்கியது என்பதே சரியான முடிவு.

கையெழுத்து இதழ்கள்

அச்சுச் செலவு கைக்கெட்டாத காலத்தில் மாணவர் எழுத்துக்குக் களமாக இருந்தவை கையெழுத்து இதழ்கள். முழுத்தாளை மடித்துத் தைத்து, எழுத்து அழகாக இருப்பவர் ஒருவர் கட்டைப் பேனாவால் எல்லாருடைய படைப்பையும் படியெடுப்பார். ஓவியம் தெரிந்தவர் அட்டைப் படம் வரைவார். ஒரே ஒரு படிதான் இருக்கும். வாசகர் கையிலிருந்து வாசகர் கைக்குப் போகும் அந்தப் படியின் கடைசிப் பக்கங்கள் கருத்து எழுதுவதற்காக வெறுமையாக விடப்படும். நல்ல எழுத்துக்கு நாலு வரி பாராட்டும், கெட்ட எழுத்துக்கு எட்டு வரி கண்டனமும் அங்கேயே கிடைத்துவிடும்.

இக்கலை திருவரங்கத்தில் தழைத்தது. திருப்பராய்த்துறையில் 1931-இல் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்த டி.எஸ். ரங்கராஜன், அதாவது கவிஞர் வாலி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'நேதாஜி' என்ற கையெழுத்து இதழை நடத்தினார். அதன் முதல் படியை வெளியிட்டவர் எழுத்தாளர் கல்கி. அந்த விழாவுக்கு வந்திருந்த வானொலி அதிகாரி ஒருவர் வழியாகத் திருச்சி வானொலியில் எழுதும் வாய்ப்பு வாலிக்குக் கிடைத்தது. 1939 மே 16-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் இவ்வட்டார இளைஞர்களின் நாடகத்துக்கும் கவிதைக்கும் பல ஆண்டுகள் வாசலாக இருந்தது.

திருவரங்கத்திலேயே பாட்டி வீட்டில் வளர்ந்த இன்னொரு ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதா. 1935-இல் பிறந்த இவர் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். கலாமும் இவரும் அக்கல்லூரியில் ஒரே காலத்தவர்கள். இருவருமே அடுத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். சுஜாதாவின் முதல் சிறுகதை 1953-இல், திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய 'சிவாஜி' இதழில் அச்சானது. கல்லூரி, கையெழுத்து இதழ், உள்ளூர்ச் சிற்றிதழ், வானொலி நிலையம் ஆகிய நான்கும் நடந்தே போய்விடக்கூடிய, மிஞ்சினால் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்ததுதான் 1950-களின் திருச்சிக்கு வாய்த்த பேறு. சென்னைக்குப் போகாமலே ஒரு மாணவர் எழுத்தாளராகத் தொடங்க முடிந்தது. கல்லூரி ஆண்டு மலர்கள் அச்சில் வரத் தொடங்கியபின் கையெழுத்து இதழ்கள் மங்கின. ஆண்டு மலரில் முதல்வர் செய்தியும் குழுப் படங்களும் இடத்தை அடைத்துக்கொள்வதால், அவ்விழப்பு ஈடு செய்யப்படவில்லை.

மேடையும் தெருவும்

1965 சனவரியில் எழுந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர் மன்ற வரலாற்றில் ஒரு பிரிகோடு. அதற்கு ஓராண்டு முன்பு, 1964 சனவரி 25-இல், கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்து இறந்திருந்தார். இந்நிகழ்ச்சியின் நிழல் இவ்வூர் மாணவர்மேல் கனமாகவே விழுந்தது. தமிழகம் முழுவதும் கல்லூரிகள் மூடப்பட்ட அந்நாள்களில் ஊர்வலங்களில் பேச எழுந்தவர்கள் தமிழ் மன்ற மேடையில் பழகியவர்கள். போராட்டத்துக்குப் பிறகு தமிழ் மன்றம் கல்லூரியின் மைய மன்றமானது. கட்சி அரசியல் வளாகத்துக்குள் கால் வைத்ததும் இக்காலத்தில்தான். பின்வந்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் மாணவர் பேரவைத் தேர்தலை நிறுத்தி, மதிப்பெண் அடிப்படையில் பிரதிநிதிகளை நியமிக்கத் தொடங்கின. வளாக அமைதிக்கு அது உதவியிருக்கலாம். மன்றங்களின் உயிர்ப்புக்கு உதவவில்லை.

சீருடை அணிகளும் சேவை அணிகளும்

தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. 'பி' சான்றிதழ், 'சி' சான்றிதழ் என்ற சொற்கள் ஊரகக் குடும்பங்களுக்கும் தெரிந்தவை. காவல் துறை, இராணுவப் பணி நாடும் மாணவர்களுக்கு அவை பட்டச் சான்றிதழோடு சேர்த்துப் பாதுகாக்கும் தாள்கள்.

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இம்மாவட்டக் கல்லூரிகளில் ஆழ வேரூன்றியது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அடிப்படை. முகாமில் மாணவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கி, காலையில் வாய்க்கால் கரை, கோயில் வளாகம் சுத்தம் செய்து, மாலையில் கலை நிகழ்ச்சி நடத்துவார்கள். ஊர் மக்கள் சமைத்துக் கொண்டுவரும் சோற்றை அவர்களோடு சேர்ந்து உண்ட அனுபவமே பெரும்பாலோருக்கு நினைவில் நிற்கிறது. தூய வளனார் கல்லூரி இதை இன்னும் ஒரு படி முன்னெடுத்து, 'ஷெப்பர்டு' என்ற கிராம விரிவாக்கப் பணியைத் தன் மாணவர் அனைவருக்கும் படிப்பின் பகுதியாகவே வைத்தது.

துவாக்குடி வளாகம்

1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தஞ்சைச் சாலையில் துவாக்குடியருகே தொடங்கி, 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக மாறிய நிறுவனத்தின் மாணவர் வாழ்க்கை, நகரக் கல்லூரிகளிலிருந்து வேறுபட்டது. அதன் முதல் முதல்வர் பி.எஸ். மணிசுந்தரம் பின்னர்ப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இங்கு மாணவர் அனைவரும் வளாகத்திலேயே தங்குபவர்கள். விடுதிகளுக்கு வைரம், பவழம், மரகதம், மாணிக்கம், புட்பராகம் முதலிய மணிகளின் ஆங்கிலப் பெயர்கள்: டைமண்ட், கோரல், எமரால்டு, ரூபி, டோபாஸ், மகளிர்க்கு ஓபல். இரவு பத்து மணிக்கும் ஒத்திகை நடத்தலாம் என்பதால் மன்றங்கள் பெருகின.

1975-இல் தொடங்கிய 'ஃபெஸ்டெம்பர்' கலைவிழா, பெயருக்கேற்பச் செப்டம்பரை ஒட்டி நடக்கும். மைம், 'அட்ஜாப்', 'டம்ப் ஷராட்ஸ்', நடனம், குறும்படம் எனப் போட்டிகள் நீளும். நகரக் கல்லூரிக் குழுக்கள் துறைத் தலைவரிடம் வகுப்பு விலக்குக்கான 'ஓ.டி.' கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுழற்கோப்பைக் கனவோடு துவாக்குடிப் பேருந்து ஏறுவது இவ்வட்டாரத்தில் தலைமுறை வழக்கமாகிவிட்டது. 2005-இல் தொடங்கிய 'பிரக்யான்' தொழில்நுட்ப விழாவும் மாணவர்களே நடத்துவது. அதற்கான இணைய மென்பொருளை வளாகத்தின் 'டெல்டா' குழு மாணவர்கள் எழுதித் திறமூலமாக வெளியிட்டனர். 'இக்னிட்' என்ற குழு கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்க்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளிக்கிறது. வளாகத்தின் அத்தனை குழுக்களிலும் பெரும் பாராட்டுக்கு உரியது இதுவே.

பேருந்து மாணவர்

நகரக் கல்லூரிகளில் படிப்போரில் பெரும் பகுதியினர் தினமும் வந்து போகிறவர்கள். அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன மண்ணச்சநல்லூரிலிருந்து புறப்படும் மாணவர் நொச்சியம், உத்தமர்கோயில், நம்பர் 1 டோல்கேட், கொள்ளிடப் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம் கடந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டும். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காகச் சில மாதங்கள் மூடப்பட்டபோது இப்பயணம் மேலும் நீண்டது. மன்றக் கூட்டம் வகுப்பு முடிந்தபின் நடக்கும். அந்த நேரத்தில் இவர் பேருந்துக்கு நிற்பார். பல கல்லூரிகள் காலை, பிற்பகல் என இரு ஷிப்டுகளாக நடப்பதால், பிற்பகல் மாணவர் வகுப்பு முடிந்து வரும்போது மன்றமும் கலைந்திருக்கும். பெண்களுக்கு இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் கூடுதல் தடை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை; ஆனால் கட்டணம் குறைந்ததே தவிர நேரம் கிடைக்கவில்லை. செயலர் பட்டியல்களில் விடுதி மாணவர் பெயரே மிகுந்திருப்பதற்குத் திறமையைக் காரணம் சொல்வது தவறு. மாலை நேரம் யாருக்கு இருந்தது என்பதே காரணம்.

இன்றைய நிலை

மண்ணச்சநல்லூர் வட்டத்திலேயே இப்போது சமயபுரம், இருங்களூர், சிறுகனூர்ப் பகுதிகளில் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. இளைஞர் செஞ்சிலுவை, ரோட்டராக்ட், செஞ்சுருள் சங்கம், நிரல்மொழிக் குழுக்கள் எங்கும் உள்ளன. கலை அறிவியல் பட்டப்படிப்பில் விரிவாக்கப் பணி 'பகுதி ஐந்து' என்ற பெயரில் பாடத்திட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டு, 140 கிரெடிட்டுகளில் அதற்கு 1 கிரெடிட் வழங்கப்படுகிறது. மன்றக் கூட்டத்துக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்கினாலொழிய, பேருந்து மாணவருக்கு அந்த ஒன்றும் ஏட்டளவிலேயே நிற்கும்.