சலவை இயந்திரமும் சுவரிலுள்ள மூன்றாம் துளையும்

உழைப்பைக் குறைப்பதற்காக மனிதன் படைத்த கருவி ஒவ்வொன்றும் ஒரு புதிய அபாயத்தையும் உடன் கொண்டுவந்திருக்கிறது. அந்த அபாயத்துக்கு அணை கட்டப்பட்டதோ, பலர் துன்புற்ற பிறகுதான். இன்று நம் இல்லங்களில் இடம் பெற்றுவிட்ட சலவை இயந்திரத்தின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

ஜெர்மனியிலுள்ள ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த சமயகுருவும் இயற்கை ஆராய்ச்சியாளருமான யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் என்பார், 1767ஆம் ஆண்டில் துவைக்கும் இயந்திரம் ஒன்றின் அமைப்பை விளக்கி நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் 1797இல் நத்தானியேல் பிரிக்ஸ் என்பவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கால இயந்திரங்களைக் கையாலேயே இயக்க வேண்டியிருந்தது. கை நின்றால் இயந்திரமும் நின்றது. அதுவே அவற்றின் பாதுகாப்பாகவும் இருந்தது.

மின்சார மோட்டார் வந்து சேர்ந்ததும் இந்நிலை மாறிற்று. சிக்காகோவைச் சேர்ந்த ஆல்வா ஃபிஷர் மின்சாரச் சலவை இயந்திரத்துக்கு 1910இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் வந்த இயந்திரங்கள் பலவற்றில், துவைத்த துணியைப் பிழிவதற்கு இரண்டு உருளைகள் தொட்டியின் மேல் பொருத்தப்பட்டிருந்தன. துணியை அவற்றிடையே செலுத்தினால் நீர் வடிந்து மறுபுறம் வெளிவரும். ஆனால், துணியோடு விரலும் உள்ளே சென்றால் மோட்டாருக்கு வேறுபாடு தெரியாதன்றோ? கை முழுவதையும் அது உள்ளிழுத்துக்கொண்டது. அருகில் நின்ற சிறுவர் சிறுமியரே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். இக்காயத்துக்கு மருத்துவர்கள் 'பிழி உருளைக் கை' என்ற பொருளில் தனிப்பெயரே இட்டனர். இத்தகைய 26 பேரின் நிலையை ஆராய்ந்த கட்டுரையொன்று 1938இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. தட்டியவுடன் உருளைகளைப் பிரித்துவிடும் விடுவிப்புக் கம்பி இவ்வனுபவத்தின் பயனே.

1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் தானே துவைத்து, அலசி, சுழற்றிப் பிழியும் இயந்திரத்தை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. அதன் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அதனைத் தரையோடு திருகாணி கொண்டு பிணைக்க வேண்டியிருந்தது. நாளடைவில் உருளைகள் மறைந்தன. அவற்றுக்குப் பதிலாக விரைந்து சுழலும் உருளைத் தொட்டி அபாயமாயிற்று. ஆகவே, மூடியைத் திறந்தால் சுழற்சியை நிறுத்தும் விசையும், தொட்டி நிற்கும் வரை கதவைத் திறக்கவிடாத பூட்டும் தோன்றின. இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் மூடியைத் திறந்த பின்னும் பிழியும் தொட்டி நெடுநேரம் சுழலுமாயின், அதன் தடுப்பான் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அதைச் செப்பனிடும் வரை கையை உள்ளே விடலாகாது.

குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கையும் இன்றியமையாதது. 2017இல் டில்லியில் நீர் நிறைந்திருந்த சலவை இயந்திரத்தில் விழுந்து குழந்தைகள் இருவர் உயிரிழந்தனர். வேலை முடிந்ததும் நீரை வடித்து, மூடியைச் சாத்தி, மின்விசையை அணைத்து வைப்பது நம் கடமையாகும்.

இதுவரை கூறியவையெல்லாம் இயந்திரத்தின் உள்ளேயே அமைந்த காவல்கள். மிக முக்கியமான காவல் ஒன்று மட்டும் அதனுள் இல்லை; நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதுவே நில இணைப்பு. வழக்கில் 'எர்த்' என்கிறோம். பிரிட்டனில் 1934இல் வகுக்கப்பட்ட தரத்தின் வழிவந்தவையே நம் நாட்டு வட்டமுள் செருகிகள். அவற்றின் மூன்று முட்களில் பெரியது மற்றவற்றினும் நீண்டிருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே. இயந்திரத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அம்முள்ளின் வழியாக அது நிலத்துக்குச் சென்றுவிடும். அவ்வழி இல்லையெனில், ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று இயந்திரத்தைத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும்.

தொழிலின் பொருட்டுத் தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாடகை வீடுகளில் வாழும் நாம் இங்கே தனிக்கவனம் கொள்ள வேண்டும். ஊர் மாறும்போது இயந்திரம் நம்மோடு வருகிறது, சுவர் வருவதில்லை. பழைய கட்டடங்களில் மூன்றாம் துளை இருந்தும் அதன் பின்னால் கம்பி இல்லாதிருக்கக்கூடும். அத்துளையில் சோதனைத் திருப்புளியை வைத்தபோது விளக்கு எரியவில்லை என்பதைக் கொண்டு இணைப்பு உண்டு என்று முடிவு செய்யலாகாது. கம்பியே இல்லாவிடினும் அது எரியாது. நில இணைப்புக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியை அத்துளையில் முறுக்கிவிடுவது அதனினும் கொடிது. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் இயந்திரத்தின் உடல் முழுவதும் மின்னேறிவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, உரிய கருவியால் சோதித்தறிவதே முறை. வடமாநிலங்களில் 'அர்த்திங்' என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.

ஃபியூஸ் இருக்கிறதே என்று அமைதி கொள்ளவும் இயலாது. அது கம்பியைக் காப்பது. ஆளைக் கொல்லப் போதுமான சிறு மின்னோட்டத்தை அது உணராது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு விசையைப் பொருத்துவது அறிவுடைமை. நீரைச் சூடாக்கும் இயந்திரம் 2000 வாட் கொள்ளுமாயின், 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் துளையோ, நீட்டிப்புக் கம்பியோ அதற்குப் போதா. 16 ஆம்பியர் துளையே வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தோய்ந்த துணியை ஒருபோதும் உள்ளே இடலாகாது.

விடுவிப்புக் கம்பியும் மூடி விசையும் பிறர் பட்ட காயங்களால் நமக்குக் கிடைத்தவை. அவற்றை அமைத்துத் தருவது இயந்திரம் செய்வோரின் பொறுப்பு. புதிய வீட்டில் அடுப்பு ஏற்றும் நாளிலேயே மூன்றாம் துளையைச் சோதித்து வைப்பது நம் பொறுப்பு.