ஒரே நாளில் 109 குழந்தைகள்

தேக்கா பக்கம் போகிற தமிழருக்கு பஃபலோ ரோடு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க மாட்டு வியாபாரம். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். பிரசவ ஆஸ்பத்திரிக்கு இப்படியும் ஒரு பெயரா? ஆனால், அந்தப் பெயரை உச்சரிக்காத பழைய சிங்கப்பூர்க் குடும்பம் உண்டா?

1924 அக்டோபரில் 30 படுக்கைகளோடு அது இலவச மகப்பேற்று மருத்துவமனை ஆனது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு 109! கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. பெருமைதான். ஆனால் பிறந்த பிள்ளைகள் பிழைக்க வேண்டாமா?

அந்த நாளில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது மஞ்சள் காமாலை. கொழுகொழுவென்று பிறந்த குழந்தை சில நாளில் மஞ்சளாகும், பால் குடிக்காது, உடம்பு வில்லாய் வளையும். மஞ்சள் நிறப் பொருள் மூளையில் ஏறிவிட்டால் மரணம். பிழைத்தாலும் காது கேளாமை, கைகால் முடக்கம்.

காரணத்தைத் தேடிப் பிடித்தவர்களில் முன்னே நின்றவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன். பல பிள்ளைகளின் ரத்தத்தில் 'ஜி6பிடி' என்னும் என்சைம் குறைவாக இருந்தது. அப்படிப்பட்ட ரத்த அணுக்கள் சில பொருள்கள் பட்டாலே உடைந்துவிடும். எவை அந்தப் பொருள்கள்? சீனர் வீட்டுப் பாட்டி அன்போடு புகட்டிய மூலிகைக் கஷாயம் ஒன்று. எல்லா இனத்தார் வீட்டு அலமாரியிலும் கிடந்த அந்துருண்டை இன்னொன்று. பிள்ளைக்குப் போர்த்திய துணியிலிருந்தே ஆபத்து வந்தது!

1965இல் வழி பிறந்தது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தமும் சோதிக்கப்பட்டது. குறை இருந்தால், பிள்ளை நன்றாகத் தோன்றினாலும் இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பு. வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? இடநெருக்கடியால் தாய்மாரையே சீக்கிரம் அனுப்பிய காலத்தில், நோயில்லாத பிள்ளைக்குக் கட்டில் ஒதுக்கியது துணிச்சலான முடிவு. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மூளையைத் தாக்கும் அந்தக் காமாலை மெல்ல மெல்ல அரிதாகிப் போனது.

குறைமாதப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு நுரையீரலே முழுதாக விரியாது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தான். அதிபர் மாளிகைச் செல்வாக்கால் என்ன செய்ய முடிந்தது? நுரையீரலை விரிய வைக்கும் மருந்து பலன் தருகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1980இல் காட்டினார்கள். அதன் பிறகே நிலைமை மாறியது.

1997இல் கண்டாங் கெர்பாவ் எதிர்ப்புறப் புதுக்கட்டடத்துக்குப் போய் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை ஆனது. பழைய இடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம். 2020 ஜூனில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 25 வாரம்கூட நிரம்பாத பெண் குழந்தை பிறந்தது. எடை 212 கிராம், ஓர் ஆப்பிள் அளவு. பிழைத்த குழந்தைகளில் அதுவரை உலகிலேயே மிகக் குறைந்த எடை என்றார்கள். 13 மாதம் கழித்து, 6 கிலோவைத் தாண்டிய எடையோடு அவள் வீட்டுக்குப் போனாள்.