கள்ளுக்கடை வாசலில் ஒரு கண்டனம்

கண்டனம் என்றதும் கூட்டம், தீர்மானம், கையொப்பம் என்றே நினைக்கிறோம். மலாயாவின் கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளர்கள் அதைக் கள்ளுக்கடை வாசலில் நின்று தெரிவித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏ.எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படை மறியலில் இறங்கியது. கூலியில் ஒரு பங்கு தோட்ட நிர்வாகத்தின் கள்ளுக்கடையிலேயே கரைந்ததால், கள்ளை எதிர்ப்பது நிர்வாகத்தையே கண்டிப்பதாக ஆயிற்று. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசுடன் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

குடித்தவர்களை மிரட்டிய படைக்குக் கண்டிக்க என்ன தகுதி என்று கேட்கலாம். மிரட்டல் இருந்தது, அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் படையை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசின் கவலை குடிகாரனின் நலனைப் பற்றியதா? அப்படியானால் கடையையும் மூடியிருக்க வேண்டுமே! தொழிலாளி தலைநிமிர்ந்ததுதான் அதற்கு உறுத்தியது. படை ஒடுக்கப்பட்டது, தோட்டங்களில் கள்ளு விற்பனை அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது.