மேயோ கிளினிக்: மருத்துவர்கள் வந்து சேர்ந்த வழி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டரில் மேயோ கிளினிக் ஒரு குடும்பத் தொழிலாகவே தொடங்கியது. உள்நாட்டுப் போருக்கு ஆள் எடுத்தபோது அவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவராக வில்லியம் வொரால் மேயோ அந்த ஊருக்கு வந்தார். மூத்த மகன் வில்லியம் 1883-இலும் இளையவர் சார்லஸ் 1888-இலும் பட்டம் பெற்று அவரோடு சேர்ந்தனர். 1889-இல் பிரான்சிஸ்கன் கன்னியர் 27 படுக்கைகளுடன் புனித மரியாள் மருத்துவமனையைத் திறந்தபோது அறுவை சிகிச்சை இந்த மூவர் கையில்தான் இருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே வங்கிக் கணக்கு. யார் எவ்வளவு எடுத்தார் என்ற கேள்வி எழவில்லை.

வெளியிலிருந்து முதலில் சேர்ந்தவர் பக்கத்து ஊர் மருத்துவர் அகஸ்டஸ் ஸ்டின்ச்ஃபீல்ட். 1892-இல் அவர் வந்ததும் 73 வயதான தந்தை ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டு கழித்து வந்த கிறிஸ்டோபர் கிரஹாம், சார்லஸின் மனைவி ஈடித்துக்கு உடன்பிறந்தவர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மனித மருத்துவத்துக்கு மாறியவர். அதுவரை ஆள் தேடல் அக்கம்பக்கத்தையும் உறவையும் தாண்டவில்லை.

அறுவை சிகிச்சையில் பெயர் பரவப் பரவ நோயாளிகள் ரயிலேறி வந்து குவிந்தனர். கத்தி பிடிக்க இன்னும் நாலு பேரைச் சேர்ப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். மேயோ சகோதரர்கள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைத் தேடினர். யாருக்கு அறுவை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எத்தனை திறமையான கையும் வீண்தான்.

ஹென்றி பிளம்மர் சேர்ந்த விதம் இதற்கு நல்ல சான்று. அருகிலுள்ள சிற்றூர் மருத்துவர் ஒருவர், ரத்தப் புற்றுநோய் நோயாளியைப் பார்க்க வில்லியமை அழைத்திருந்தார். துணைக்குப் போனவர் அந்தச் சிற்றூர் மருத்துவரின் மகன் ஹென்றி. நுண்ணோக்கியும் கையுமாக வந்த அந்த இளைஞர் வழிநெடுக ரத்தத்தைப் பற்றியே பேசினார். அந்தத் துறையில் தாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது வில்லியமுக்கு அப்போது உறைத்தது. விண்ணப்பமும் தேர்வும் இல்லாமல் 1901-இல் ஹென்றி உள்ளே வந்தார்.

1905-இல் நோய்க்குறியியல் ஆய்வாளர் லூயிஸ் வில்சன் சேர்ந்தார். நோயாளி மேசையில் கிடக்கும்போதே கட்டி புற்றா இல்லையா என்று தெரிய வேண்டும் என்பது வில்லியமின் கோரிக்கை. வில்சன் திசுத் துண்டைச் சன்னலுக்கு வெளியே மினசோட்டாக் குளிரில் உறைய வைத்து, மெல்லியதாகச் சீவி, மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றிப் பார்த்தார். விடை சில நிமிடங்களில் கிடைத்தது.

ஆட்கள் கூடியபோது வேறொரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனிப் பேரேட்டில் குறிப்பெழுதி வந்ததால் ஒருவர் கண்டது அடுத்தவருக்கு எட்டவில்லை. 1907-இல் பிளம்மர் நோயாளிக்கு ஓர் எண், ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். புதிதாக வந்தவரும் முதல் நாளே பழையவர்களின் குறிப்பைப் புரட்ட முடிந்தது. கூட்டு மருத்துவத்தை நிலைக்க வைத்ததில் இந்தக் கோப்புக்கு உள்ள பங்கு அறுவைக் கத்திக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பிறகு ஆள் எடுக்கும் வழியும் மாறியது. 1915-இல் சகோதரர்கள் தந்த 15 லட்சம் டாலரில் அமைந்த மேயோ அறக்கட்டளை, மினசோட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மேற்படிப்பு தொடங்கியது. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவரை ஆண்டுக்கணக்கில் வேலையில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க முடிந்தது. 1919-இல் சகோதரர்கள் தொழிலையும் சொத்தையும் இலாப நோக்கற்ற சங்கத்துக்கு மாற்றி எழுதினர். அதன்பின் அங்கே சேர்ந்த மருத்துவர் பங்கு வாங்கும் கூட்டாளியாக இல்லாமல் சம்பளக்காரராக நுழைந்தார். எத்தனை அறுவை செய்தார் என்பதை வைத்து அவருடைய ஊதியம் ஏறவில்லை.