நால்வர் ஆடும் சதுரங்கம்: பகடையோடு வந்த 'சதுராஜி'

ஒரே பலகையில் நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்துக்குச் 'சதுராஜி' என்று பெயர். நான்கு அரசர்கள் என்பது பொருள். மலாய்க்காரர்கள் சொல்லும் 'சாதுர்' என்ற சொல்லும் சதுரங்கத்திலிருந்து வந்ததுதான்.

பாரசீக அறிஞர் அல்-பிரூனி, சுமார் 1030-இல் எழுதிய இந்தியா பற்றிய நூலில் இந்த ஆட்டத்தை விவரித்திருக்கிறார். பிற்காலத்தில் வங்காளத்து ரகுநந்தனரின் 'திதிதத்துவம்' நூலிலும் இது வருகிறது. அங்கே எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள்.

பீடோர் பட்டணத்திலோ தோட்டத்து வீட்டிலோ, சாதாரண சதுரங்கப் பெட்டி ஒன்றும் இரண்டு பகடைகளும் இருந்தால் போதும். நான்கு பேருக்கும் ஆளுக்கு ஓர் அரசன், யானை, குதிரை, படகு, நான்கு சிப்பாய்கள். மொத்தம் 32 காய்கள், பெட்டிக் கணக்கும் அதேதான்! ராணிகள் இரண்டையும் அரசர்களாக்குங்கள். படகுக்கு மந்திரியை வையுங்கள். வெள்ளையில் பாதிக்கும் கறுப்பில் பாதிக்கும் ரப்பர் வளையம் மாட்டினால் நான்கு படை தயார். அவரவர் இடதுகை மூலையிலிருந்து படகு, குதிரை, யானை, அரசன், முன்னால் சிப்பாய்கள்.

எந்தக் காயை நகர்த்துவது என்பதைப் பகடை சொல்லும். அல்-பிரூனி தரும் கணக்கின்படி 1 விழுந்தால் சிப்பாய் அல்லது அரசன், 2 படகு, 3 குதிரை, 4 யானை. 5 விழுந்தால் 1 என்றும், 6 விழுந்தால் 4 என்றும் கொள்ள வேண்டும். குதிரையும் யானையும் நாம் அறிந்தபடியே நகரும். படகு மட்டும் மூலைவாட்டில் ஒரு கட்டம் விட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம்தான். செக், மேட் எதுவும் கிடையாது. மற்றக் காயைப் போல அரசனையும் வெட்டலாம். அதனால் இதில் தப்பிப் பிழைப்பதே பாதி ஆட்டம்.

அரசனை வெட்டினால் 5 புள்ளி, யானைக்கு 4, குதிரைக்கு 3, படகுக்கு 2, சிப்பாய்க்கு 1. தன் அரசனை இழக்காமல் மற்ற மூவரின் அரசர்களையும் வெட்டுபவருக்கு 54 புள்ளி. இது கணித விதியால் வந்ததல்ல, வழக்கத்தால் வந்தது என்கிறார் அல்-பிரூனி.

இந்த ஆட்டம் 5,000 ஆண்டு பழமையானது, சதுரங்கத்தின் தாய் இதுவே என்று இன்றும் பலர் பகிர்கிறார்கள். 1860-இல் டங்கன் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர் தம் நூலில் பரப்பிய கருத்து அது. பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. 1913-இல் ஹெச்.ஜே.ஆர். மர்ரே எழுதிய சதுரங்க வரலாறும், இருவர் ஆட்டமே முந்தியது, நால்வர் ஆட்டம் அதிலிருந்து கிளைத்தது என்கிறது. கிடைத்துள்ள சான்றுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமை என்பதற்கு அல்-பிரூனியின் எழுத்தே சாட்சி. அதற்கு மேல் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

பணம் வைத்து ஆடும் வழக்கமும் பகடையோடு சேர்ந்தே இருந்தது. திதிதத்துவத்தில் வரும் பகடை நம் தாயக்கட்டை போல நீளமானது. பகடை வேண்டாம் என்பவர்கள் அதை எடுத்துவிட்டு, முறைவைத்து ஆளுக்கு ஒரு நகர்த்தலாக ஆடலாம். ஆனால் சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து உட்காரும்போது பகடை இருப்பதே நல்லது. ஆட்டம் நன்றாகத் தெரிந்தவரே எப்போதும் ஜெயிக்க முடியாது.