உளசமூக ஆதரவுப் பயிற்சி

பேரிடர், போர், இடப்பெயர்வு ஆகியவற்றால் மனவடுவுக்கு ஆளானோருக்குத் துணைநிற்க உள்ளூர் மக்களையே ஆயத்தப்படுத்தும் முறை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்தின் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டையை அடுத்த சாமியார்பேட்டை முதலிய மீனவர் ஊர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. 1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றுக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் கையாண்ட இந்தப் பயிற்சிமுறை, ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்துக்கும் வந்தது.

ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் போன்றோரே இம்முறையில் பயிற்சி பெறுவோர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “அழாதே, மறந்துவிடு” என்று சொல்லாமல், அருகமர்ந்து அவர் மனத்தில் உள்ளதைக் கொட்டவிடுவது முதற்பாடம். குழந்தைகள் ஓவியம், விளையாட்டு, கதை வழியே அச்சத்தை வெளிப்படுத்துகின்றனர். நீடித்த தூக்கமின்மை, மிதமிஞ்சிய குடி, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை அடையாளம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் பயிற்சியின் பகுதி.

இலங்கையின் வடக்கில் போரால் இடம்பெயர்ந்தோருக்காக மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சக பணியாளர்களும் இத்தகைய பயிற்சியை வளர்த்தெடுத்தனர். மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள இடங்களில், மக்களின் மொழியும் சடங்கும் அறிந்த உள்ளூர்ப் பணியாளர்களே முதல் ஆதரவு.